வெட்டாமல் விட்ட வீடியோ

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் அப்துல் கையூமின் பெட்டிக் கடை. பெட்டிக் கடை என்றதும் வாழைத்தாரும் வெற்றிலையும் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. இது நிஜமாகவே பெட்டி விற்கிற கடை. சக்கரம் வைத்தது, வைக்காதது, ஓர் ஆளையே உள்ளே வைத்துப் பூட்டலாம் போல இருப்பது, எல்லாம் நடைபாதை வரைக்கும் அடுக்கியிருக்கும். ஊருக்குப் போகிற அத்தனை பேரையும் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு, மாலையானால் கையூம் மட்டும் புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் தன் வீட்டுக்கு ரயில் ஏறிவிடுவார்.

கடையில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. எந்த ஊருக்குப் போறீங்க, யாருக்குக் கல்யாணம், தங்கச்சிக்கு என்ன வாங்கினீங்க என்று பெட்டியின் ஜிப்பைத் திறந்து மூடுவதற்குள் வாடிக்கையாளரின் குடும்பக் கதையை முழுசாக வாங்கிவிடுவார். வீட்டுக்குள் கால் வைத்தால் மட்டும் காது அடைத்துக்கொள்ளும். வீட்டில் அவர் கேட்டதெல்லாம் பொருள் தேடுகிற கேள்விதான். சாவி எங்கே, சட்டை எங்கே, கண்ணாடி எங்கே. மனைவி சம்சுன்னிசா இருந்தவரைக்கும் அத்தனைக்கும் பதில் இருந்தது.

சம்சுன்னிசா மௌத்தாகி, நாற்பதாம் ஃபாத்திஹாவும் ஓதி முடித்திருந்தார்கள். இதய அறுவைக்கென்று போனவள் திரும்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து கையூம் கடையில் நின்றுகொண்டிருந்தார். ஓர் இளம்பெண் பெட்டி வாங்க வந்திருந்தாள். நீலமா கறுப்பா என்று முடிவு செய்ய முடியாமல், கையிலிருந்த போனை ஒரு பெட்டியின் மேல் வைத்துவிட்டு இரண்டையும் மாறி மாறி உருட்டிப் பார்த்தாள். போனில் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வெளிய மழை, உள்ள நாம. வாங்க, ஒரு புத்தகம் பார்ப்போம்."

கையூமின் கையிலிருந்த பூட்டு கீழே விழுந்தது. அது சம்சுன்னிசாவின் குரல். முப்பத்தைந்து வருடம் கூடவே இருந்த குரலை மனிதர் எப்படி மாற்றி நினைப்பார்? பேயறைந்தவர் போல அருகிலிருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாதவர். அதை அந்த நேரத்தில் யார் கேட்டார்கள்?

"அங்கிள், ஓகேவா? ஏன் உக்காந்துட்டீங்க?"

"அது... அது யாரும்மா?"

"இதுவா? ஈரக்குடை அக்கா லா! புக்ஸ் பத்தி வீடியோ போடுவாங்க. அது புனைபெயர், நெஜப் பேரு யாருக்கும் தெரியாது. முகம் காட்டமாட்டாங்க, கை மட்டும்தான் வரும். எங்க வாசகர் குரூப்ல எல்லாரும் இவங்க ஃபேன்."

"பழைய வீடியோவா?"

"சே, புதுசு அங்கிள். இப்பதான், ஜும்ஆ முடியிற நேரத்துல வந்துச்சு. ஒவ்வொரு வெள்ளியும் இதே டைம்தான்."

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். எலுமிச்சம்பழப் படம் போட்ட மேசை விரிப்பு. அதன் மேல் விரித்த புத்தகம். பக்கத்தைத் தடவும் கையில், கட்டைவிரலுக்குக் கீழே எண்ணெய் தெறித்த பழைய வடு. அந்த மேசையில்தான் கையூம் அன்று காலை ரொட்டி தின்றுவிட்டு வந்திருந்தார். 'அது என் மனைவி' என்று சொல்லியிருக்கலாம். நீலப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். என்ன விலை சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்தால் அடக்க விலைக்கும் கீழே சொல்லியிருப்பார் போல.

கையூம் போன் செய்து விஷயத்தைச் சொன்னதும், மறுநாள் காலை ஆங் மோ கியோவிலிருந்து மகள் மர்யம் வந்தாள். அலமாரியில் அணைந்து கிடந்த உம்மாவின் போனை எடுத்து, சார்ஜ் போட்டு, ரகசிய எண்ணை அழுத்தித் திறந்தாள்.

"ஆமா வாப்பா, உம்மா வீடியோ எடுப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியுமா?"

"அவ்வளவா பார்த்ததில்ல. ஆனா தெரியும். உங்களுக்கும் தெரியும்னுதான் நினைச்சேன்."

"எனக்குத் தெரியாது. எங்கிட்ட மறைச்சிருக்கா."

"மறைச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு மர்யம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மாவைப் பற்றி வாப்பாவிடம் வாதாட அவளுக்கு இப்போது தெம்பில்லை.

விஷயம் இதுதான். அறுவை முடிந்தால் இரண்டு மாதம் ஓய்வெடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் வாசகர்கள் காத்திருக்கக் கூடாதென்று, சம்சுன்னிசா முன்கூட்டியே வீடியோக்களை எடுத்து, வெட்டி ஒட்டி, வெள்ளிக்கு ஒன்றாகத் தானே வெளிவரும்படி நேரம் குறித்து வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீட்டாருக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போவதில்லையா, அதைப்போல. அவள் போய்விட்டாள், வீடியோக்கள் மட்டும் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

"இன்னும் கொஞ்சம் இருக்கு வாப்பா. அப்புறம் கடைசியா ஒண்ணு, எடுத்து அப்படியே விட்டிருக்காங்க. எடிட் பண்ணல, டேட்டும் போடல. போட்டுப் பார்க்கலாமா?"

"வேணாம்," என்றார் கையூம் சட்டென்று. "அது இருக்கட்டும்."

அது இருக்கும்வரை அவள் பேசி முடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? மகளிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கையே வெள்ளிக்கிழமையைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. பழைய வீடியோக்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். புனைபெயரின் காரணம் முதல் வீடியோவிலேயே இருந்தது. நூலகத்திலிருந்து மழையில் நனைந்து வந்த அன்று, மேசையோரம் சொட்டிக்கொண்டிருந்த குடையைப் பார்த்து, 'இதுதான் என் பேரு' என்று சிரித்திருந்தாள். கப்பலில் சமையல்காரனாகப் போனவனின் கதையைச் சொன்னாள். லாரி ஓட்டிக்கொண்டே கதை எழுதிய ஜொகூர்க்கார எழுத்தாளர் ஒருவர் எந்த நேரத்தில் எழுதுவார், மனைவிக்கு ஏன் படித்துக் காட்டவே மாட்டார் என்று சொன்னாள். இவ்வளவு பேசுவாளா இவள்? இப்படிச் சிரிப்பாளா? முகம் தெரியாத ஆட்களுக்குக் கிடைத்தவள் கட்டிக்கொண்டவனுக்குக் கிடைக்கவில்லையே என்று கையூமுக்குப் பொறாமையாக இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று யாரோ காதுக்குள் சொல்வது போலவும் இருந்தது.

மௌத்தானவரின் குரலை இப்படிப் போட்டுப் போட்டுக் கேட்பது கூடுமா என்று பள்ளிவாசலில் யாரிடமாவது கேட்கலாம். கூடாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வதென்று கேட்காமலே விட்டார்.

வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதே மேசையில் உட்கார்ந்து அதே மேசையைப் போனில் பார்ப்பார். வீடியோவுக்குள்ளும் மின்விசிறி டக் டக் என்று அடிக்கும், தலைக்கு மேலும் அடிக்கும். எது எந்த விசிறி என்று பிரித்துச் சொல்ல முடியாது. பழைய பேப்பர் எடுக்கிற காராங்குனிக்காரரின் ஹார்ன் கேட்கும். எட்டிப் பார்த்தால் கீழே வண்டி இருக்காது. ஒருநாள் பிற்பகல் அழைப்பு மணி அடித்தது. கையூம் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளி நடையில் ஒருவரும் இல்லை. உள்ளே திரும்பினால் போனில் சம்சுன்னிசா, "யாரோ வந்திருக்காங்க போல," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மூடிவிட்டு வருவதற்கு மனம் வரவில்லை. அன்று மாலைவரை கதவு திறந்தேதான் கிடந்தது.

ஆனால் அவரை உண்மையாகவே பிடித்து ஆட்டியது குரலில்லை. குரல் நின்று தாவுகிற இடங்கள்.

எல்லா வீடியோவிலும் அது இருந்தது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் படம் ஒரு துள்ளு துள்ளும். மேசையில் காலியாக இருந்த டீ கப் நிறைந்திருக்கும், அல்லது இருந்த கப் காணாமல் போயிருக்கும். வெயில் விரல் அளவு நகர்ந்திருக்கும். எடிட்டிங் வாப்பா, எல்லாரும் பண்றதுதான் என்றாள் மர்யம். அப்படியானால் எடுத்துப் போட்ட இடத்தில் என்ன இருந்தது?

ஒரு வீடியோவில் சம்சுன்னிசா ஒரு நாவலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இதுல வர்ற புருஷன்காரன் கெட்டவன் இல்லீங்க. ரொம்ப நல்லவன். ஆனா வீட்ல இருக்கிறப்பவும் வீட்ல இருக்கமாட்டான். எனக்கும்..." என்று ஆரம்பித்தாள். அங்கே ஒரு தாவல். அதன்பின் கை பக்கத்தைப் புரட்டியிருந்தது, பேச்சு அட்டைப் படத்துக்குப் போய்விட்டிருந்தது.

எனக்கும் என்ன? அந்த ஒரு சொல்லைக் கையூம் எத்தனை முறை பின்னுக்குத் தள்ளித் தள்ளிக் கேட்டார் என்பதற்குக் கணக்கில்லை. எனக்கும் இப்படி ஒருத்தன் வாய்த்திருக்கிறான் என்றா? யாரென்றே தெரியாத ஜனங்களிடம் புருஷனைப் பற்றி ஒரு மூட்டைப் புகார் சொல்லிவிட்டு, பிறகு மானத்தைக் காப்பாற்ற வெட்டியிருக்கிறாள். அதனால்தான் மறைத்திருக்கிறாள். ரயிலில், கடையில், தொழுகைப் பாயில்கூட அந்த நினைப்பு விடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவருக்கு வெட்டிய இடமெல்லாம் தன்மேல் போட்ட குற்றமாகத் தெரிந்தது. அவள் தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டு போனாள் என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொள்ளவும் பயம்.

நேரம் குறித்து வைத்தவை ஒருநாள் தீர்ந்துபோயின. அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதுவும் வரவில்லை. தீரும் என்று தெரிந்தே காத்திருந்தார், பாவம். அடக்கம் செய்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. அன்று வந்தவர்களைக் கவனிப்பதிலேயே பொழுது போயிருந்தது. இப்போது பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தோள் குலுங்க அழுதார்.

அவளுடைய போனிலேயே வாசகர் குரூப்பும் இருந்தது. அங்கே ஒரே கேள்வியாக வந்து குவிந்தது. அக்கா எங்கே, ஏன் வீடியோ இல்லை, உடம்பு சரியில்லையா. ஒருவர் கொஞ்சம் காட்டமாகவே, பேர் வாங்கினதும் சிலருக்குத் தலைக்கனம் வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். கையூமுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சம்சுன்னிசாவுக்கா தலைக்கனம்? தலைவலித்தால்கூடச் சொல்லாதவளுக்கா?

அடுத்த வாரம் நீலப் பெட்டி வாங்கிய பெண் சக்கரம் கழன்றுவிட்டதென்று வந்தாள். பெயர் கவிப்ரியாவாம். குரூப்பில் வீடியோக்களை உடனுக்குடன் பகிர்வது இவள்தான் என்று கையூமுக்கு அப்போது விளங்கியது. சக்கரத்தை முடுக்கிக்கொண்டே, ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"அந்தக் குடை அக்கா வீடியோ இப்ப வருதாம்மா?"

"இல்ல அங்கிள். ரெண்டு வாரமா காணோம். எனக்கு என்னமோ பயமா இருக்கு லா. நான் இங்க வந்த புதுசுல வேலையில ரொம்ப கஷ்டம், யாரையும் தெரியாது. இவங்க குரலைக் கேட்டுக்கிட்டேதான் சமைப்பேன், சாப்பிடுவேன். அம்மா பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும்."

அவள் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டுக் கையூம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் துக்கத்துக்குத் தான் ஒருவர்தான் உரிமைக்காரர் என்று அதுவரை நினைத்திருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "ரெண்டு சக்கரமும் மாத்திட்டேன்," என்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மேசையில் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, அந்தக் கடைசி வீடியோவைத் திறந்தார்.

வழக்கமான ஸலாம், வழக்கமான மழை. ஜொகூர்க்காரருடைய இன்னொரு கதைத் தொகுதி. "இவரு கதையில யாரும் பெரிசா வசனம் பேசமாட்டாங்க. சோறு ஆச்சா, மழை வருதா, அவ்வளவுதான். ஆனா பாருங்க..."

"சம்சு! என் கண்ணாடி எங்க?"

கையூம் நாற்காலியில் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அறையில் அவரைத் தவிர யாருமில்லை. அது அவருடைய குரல்தான்.

"ஃப்ரிட்ஜ் மேல இருக்கு மச்சான்," என்றாள் சம்சுன்னிசா. பிறகு தாழ்ந்த குரலில் தனக்குத்தானே, "சரி, இதை வெட்டணும்," என்றாள். பக்கத்தைத் தடவிவிட்டுத் தொடர்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே குரல். "சம்சு, டீ இருக்கா?" கை மறைந்தது. மேசையும் புத்தகமும் மட்டும் இருந்தன. தூரத்தில் பாத்திரச் சத்தம். "சீனி பத்தல." "போதும் மச்சான், டாக்டர் திட்டுவாரு." யாரோ சிரிப்பது கேட்டது. கை திரும்பி வந்தபோது தனக்கும் ஒரு கப் கொண்டுவந்து வைத்தது. காலிக் கப் நிறைந்த ரகசியம் இவ்வளவுதான். "இதையும் வெட்டணும்."

மூன்றாவது முறை காலடிச் சத்தம் பக்கத்திலேயே கேட்டது. "யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கே?"

"சொன்னேன்ல மச்சான், புத்தகத்தைப் பத்தி வீடியோ எடுக்கிறேன்னு. நேத்தும் சொன்னேனே. எத்தனை பேர் கேக்கிறாங்க தெரியுமா? வாங்களேன், இப்படி வந்து கொஞ்சம் உக்காருங்க. நீங்களும் கேளுங்க. இந்தக் கதை உங்களுக்குப் புடிக்கும்."

"வர்றேன், வர்றேன். நியூஸ் முடியட்டும்."

நாற்காலி இழுபடும் சத்தம். படத்தின் ஓரத்தில் எதிர் நாற்காலி பாதி தெரிந்தது. அவருக்காக இழுத்துப் போட்டிருக்கிறாள். அதன்பின் அவள் பேசவில்லை. கூடத்திலிருந்து செய்தி வாசிக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கை புத்தகத்தின் மேல் சும்மா இருந்தது. டீயில் ஆடை படியும் அளவுக்கு நேரம் போயிற்று.

"சரி," என்றாள் கடைசியில். "இதையும் வெட்டணும்." கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். நாற்காலி கடைசிவரை அந்த ஓரத்திலேயே காலியாக இருந்தது.

அது எந்த நாள், எந்தச் செய்தி, உலகத்தில் அன்று அப்படி என்னதான் நடந்தது? கையூமுக்கு ஒன்றுகூட நினைவில்லை. அவள் மறைக்கவே இல்லை. சொல்லியிருக்கிறாள், நேற்றும் சொல்லியிருக்கிறாள், இன்னும் எத்தனை நேற்றோ. அவரைப் பற்றி ஒரு வார்த்தை புகார் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை, பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பார். நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தார்.

பிறகு மர்யமுக்குப் போன் செய்து, அதை வெள்ளிக்கிழமை போட்டுவிடச் சொன்னார்.

"எடிட் பண்ணணும் வாப்பா. உங்க வாய்ஸ் எல்லாம் வருது."

"வரட்டும். ஒண்ணையும் வெட்டாதே."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிகிற நேரத்தில் வீடியோ வெளியானது. கவிப்ரியா உடனே குரூப்பில் பகிர்ந்தாள். சிரிப்பு முகங்களாக வந்து விழுந்தன. அக்கா வெட்ட மறந்துட்டாங்க. அங்கிள் செம காமெடி. எங்க வீட்லயும் இதே கதைதான், கண்ணாடி ஃப்ரிட்ஜ் மேலதான் இருக்கும். கையூம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசியாகக் கவிப்ரியா எழுதியிருந்தாள்: "அக்கா, நியூஸ் முடிஞ்சதும் அங்கிள் வந்து உக்காந்தாரா இல்லையா? அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே!"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார்.

"கவிப்ரியாவுக்கு. உங்களுக்கு நீலப் பெட்டி எடுத்துக் கொடுத்த அப்துல் கையூம் எழுதுகிறேன். ஈரக்குடை என் மனைவி. பெயர் சம்சுன்னிசா. ஆஸ்பத்திரியில் மௌத்தாகி மூன்று மாதமாகிறது. எல்லாரும் துஆ செய்யுங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில்: நியூஸ் முடிந்தது. அதற்குப் பிறகும் நான் போய் உட்காரவில்லை."